காட்டு விதிகளை வாசித்தல்: ஒரு கையேடு, ஒரு தகரப் பலகை, ஒரு ஸ்டிக்கர்

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸப்பில் பிடிஎஃப் ஒன்று அனுப்பினான். மலையேற்றக் குழு ஒன்றில் இருக்கிறான். "அண்ணே, காட்டுக்குள்ள போனா எப்படி நடந்துக்கணும், எப்படித் தங்கணும்னு தமிழ்ல ஒரு கையேடு போட்டிருக்கோம். எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றான். நாலே பக்கம். ஒற்றுப்பிழை திருத்த அரைமணி நேரம் ஆச்சு. அதற்கப்புறம் மூன்று வாரமாக அந்த நாலு பக்கத்தையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் கேட்டது பிழைதிருத்தம். அதைச் செய்து கொடுத்துவிட்டேன். கேட்காத விமர்சனத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

கையேட்டின் மூலம் எது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவில் 'லீவ் நோ ட்ரேஸ்' என்று ஒரு கோட்பாடு இருக்கிறது. தடம் விடாதே என்று தம்பி மொழிபெயர்த்திருக்கிறான், நல்ல மொழிபெயர்ப்புதான். 1960-களிலும் 70-களிலும் அந்நாட்டின் தேசியக் காடுகளுக்கு முதுகுப்பையோடு கிளம்பிப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகியபோது, அங்கத்திய வனத்துறை வளர்த்தெடுத்த ஒழுங்குமுறை அது. 1994-இல் அதற்கென்றே தனி அமைப்பும் வந்தது. இன்று உலகம் முழுக்க மலையேறுகிறவர்கள் மனப்பாடமாகச் சொல்வது அதன் ஏழு விதிகளைத்தான். முன்கூட்டித் திட்டமிடு, உறுதியான தரையில் நட, அதிலேயே தங்கு, கழிவை முறையாக அகற்று, கண்டதை எடுக்காதே, நெருப்பின் பாதிப்பைக் குறை, காட்டுயிரை மதி, மற்ற பயணிகளை மதி. இவ்வளவுதான்.

இந்த ஏழில் எனக்குச் சண்டை எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சரக்கு என்பதாலேயே தள்ளிவிடுகிற ஆள் நான் இல்லை. சொல்லப்போனால் இதில் ஒரு விதி, எங்கள் குடும்பத்துக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்க வேண்டியது.

தொண்ணூறுகளில் ஆடி அமாவாசைக்கு ஆச்சியோடு சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போவோம். பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் இருக்கிற கோயில். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள்ளே வருகிறது. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அது புலிகள் காப்பகம் என்ற நினைப்பே அன்றைக்கு எங்களில் யாருக்கும் கிடையாது. சாமி கோயில், அவ்வளவுதான். லாரி பிடித்து, அரிசி மூட்டை, அண்டா, பாய், தலையணை, ஆட்டுக்கிடா சகிதம் போய் இறங்கி மூணு ராத்திரி தங்குவோம். மரத்தடியில் தார்ப்பாய் கட்டினால் அதுதான் வீடு. எங்களைப்போல் எத்தனை ஆயிரம் குடும்பம்! பட்டவராயன் சன்னிதியில் நேர்த்திக்கடனாகக் கட்டித் தொங்கவிட்ட தோல் செருப்புகள், ராஜ உடையில் தரிசனம் கொடுக்கும் சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி (2020-இல் காலமாகிவிட்டார்), ராத்திரி முழுக்க ஓயாத மேளம்.

தமிழ்நாட்டில் காட்டுக்குள் முகாம் என்றால் நமக்குக் கலர் டென்டும், பாறை மேல் உட்கார்ந்து காபி குடிக்கும் ஐடி ஊழியரும் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஆனால் நம் ஊரில் காட்டுக்குள் பெருங்கூட்டமாகத் தங்கியவர்கள் எங்களைப்போன்ற திருவிழா ஜனங்கள்தான். தம்பியின் கையேட்டில் நாங்கள் இல்லவே இல்லை.

அந்த மூணு நாளும் நாங்கள் ஆற்றில் என்னென்ன செய்தோம் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அண்டா கழுவினோம். துணி துவைத்தோம். சோப்பு போட்டுக் குளித்தோம். நான் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, வெறும் பாக்கெட்டைத் தண்ணீரில் விட்டு, அது பாறை இடுக்கில் சுற்றுவதை வேடிக்கை பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கு. கீழே நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணீர் அது. அமெரிக்கப் பட்டியல் என்ன சொல்கிறதென்றால், நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளித் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய் அங்கே கழுவு. மக்கும் சோப்பாக இருந்தாலும் ஆற்றுக்குள் வேண்டாம். பெரியவர்களின் காலடியில் எழுபது அடி என்று எளிமையாகக் கணக்கும் தருகிறார்கள். காரையாற்றுக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. வரிக்கு வரி அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே 60 மீட்டர், தூங்கும் விஷயத்தில் கையேட்டை ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளிச் சமதரையாகப் பார்த்து டென்ட் போடு என்கிறது மூன்றாம் பக்கம். அமெரிக்க மூலத்தில் இந்தத் தூரத்துக்குக் காரணம் உண்டு. கரையோரச் செடிகொடிகள் மிதிபடக் கூடாது, விலங்குகள் தண்ணீருக்கு வர வழிவிட வேண்டும். அங்கே தண்ணீருக்கு வருவது மான். கரடி வந்தாலும் உணவுப் பையை மூடியிட்ட டப்பாவில் வைத்துத் தள்ளிவைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் ராத்திரி தண்ணீருக்கு வருவது யானைக்கூட்டம். ஓடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருக்கும் சமதரை பல இடங்களில் யானை நடந்து நடந்தே சமதரை ஆனது! யானைக்கும் நமக்கும் சரிவில் நடக்க ஒரே மாதிரி இடம்தான் பிடிக்கும். மலைப்பாதைகளில் பாதி அதுகள் போட்டுக்கொடுத்தவை.

தடம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு தம்பி இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். தமிழில் தடம் என்றால் காலடிச் சுவடு மட்டும் இல்லை, போகிற வழியும் தடம்தான். ஒற்றையடித் தடம், யானைத்தடம். நீ விட்டுப்போகும் தடத்தைப் பற்றிக் கவலைப்படும் முன்னால், யாருடைய தடத்தில் படுத்திருக்கிறாய் என்று பார்க்க வேண்டாமா? லத்தி கிடக்கிறதா, எவ்வளவு ஈரமாக இருக்கிறது, மரத்தண்டில் சேறு உரசிய அடையாளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மூங்கில் புதிதாக ஒடிந்திருக்கிறதா? இதைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் கூட இல்லாமல் ராத்திரி தங்கவே கூடாது என்பது கையேட்டின் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். முண்டந்துறைப் பக்கம் அந்த ஆள் காணிக்காரராக இருப்பார், குரங்கணிப் பக்கம் முதுவர். நான்கு பக்கத்தில் 'பழங்குடி' என்ற சொல்லே ஒரு இடத்திலும் இல்லை என்பதைத் தேடிப் பார்த்தபிறகுதான் எழுதுகிறேன்.

ஆச்சிக்கு ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் சொன்னதால், அவளுக்குக் காட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மிச்சச் சோற்றையோ கருப்பட்டியையோ உப்பையோ நாங்கள் படுக்கிற இடத்தில் வைக்கவிடமாட்டாள். "மணத்துக்கு வந்துரும்ல" என்பாள். எது வரும் என்று பேர் சொல்லமாட்டாள், கேட்டால் அடிதான் விழும். பொழுது இறங்கினால் ஆற்றுப்பக்கம் ஒரு பிள்ளையும் தனியாகப் போகக் கூடாது. அரிசிக்காகக் கடையை உடைத்தே பேர் வாங்கிய ஒரு யானை பின்னாளில் இதே காப்பகத்துக்கு வந்து சேரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பனைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது கம்பத்துக்கு வந்தது. ஜூனில் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறு பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அரி என்றால் அங்கே அரிசி. யானைக்குச் சோற்று மணம் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பட்டியலை இன்னும் கொஞ்சம் தோண்டினால், அதன் அடியில் ஒரு ஆளில்லாத நிலம் இருக்கிறது. 1964-இல் அமெரிக்கா இயற்றிய வனாந்தரச் சட்டம், மனிதன் வந்துபோகும் விருந்தாளியாக மட்டுமே இருக்கும் நிலம் என்றுதான் வனாந்தரத்தை வரையறுத்தது. அந்த நிலங்களில் ஏற்கெனவே வாழ்ந்த பூர்வகுடிகளை அப்புறப்படுத்திவிட்டுத்தானே அது ஆளில்லாத நிலமானது என்று, வில்லியம் க்ரோனன் என்ற வரலாற்றாசிரியர் 1995-இல் எழுதிய கட்டுரை அங்கேயே பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அதனால்தான் ஏழாம் விதி 'மற்ற பயணிகளை' மதிக்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. காட்டில் எதிர்ப்படுகிறவர் இன்னொரு பயணி என்பதைத்தவிர வேறு சாத்தியமே அந்தப் பட்டியலுக்குத் தோன்றவில்லை. தேன் எடுக்கப் போகிறவர், மாடு தேடி வந்தவர், தன் வீட்டுக்கு நடந்து போகிறவர் என்று யாரும் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்கத் தேசியக் காடுகள் பலவற்றில், தடை போட்ட இடங்கள் தவிர, தோன்றிய இடத்தில் கூடாரம் போட்டு ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள்வரை தங்கலாம். விதிப்பட்டியல் அந்த உரிமையின் மேல் கட்டப்பட்டது. நம் காப்புக்காட்டில் உங்களுக்கு அந்த உரிமை தொடக்கத்திலேயே இல்லை. அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதே குற்றம், தங்குவது அதற்கப்புறம்தான். ஆக, குழி எத்தனை அங்குலம் தோண்டிக் காலைக்கடன் கழிப்பது என்று படம் போட்டு விளக்கும் கையேடு, வனத்துறையில் யாரிடம் எப்படி அனுமதி வாங்குவது என்று ஒரு வரி சொல்லவில்லை. சட்டவிரோதமாக ஒழுக்கமாக இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது மாதிரி இருக்கிறது.

நெருப்புக்கு வருகிறேன். நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே அதுதான் காரணம்.

நெருப்பின் பாதிப்பைக் குறை என்கிறது ஐந்தாம் விதி. ஏற்கெனவே தீ போட்ட இடத்தில் போடு, சின்னதாகப் போடு, கட்டை முழுக்கச் சாம்பலாகட்டும், தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் போ. எல்லாம் சரியான யோசனைதான், தீ போடலாம் என்கிற இடத்தில். மாசி பங்குனியில் மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளுயரத்துக்குப் புல் காய்ந்து, மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அங்கே 'குறை' என்ற வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும் எரிகிற தீயை விட்டுவிட்டுப் போவதையும் நேரடியாகத் தடுக்கிறது. 1882-ஆம் வருஷத்து வனச் சட்டத்திலும் தீ உண்டு. தம்பியின் கையேட்டில் மட்டும் தீ 'குறைக்க' வேண்டிய ஒன்று.

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழுவும் கொழுக்குமலைப் பக்கம் போயிருந்தார்கள். பலர் பெண்கள், பலருக்கு இருபது முப்பது வயசு. இறங்கி வரும் வழியில் காய்ந்த புல்லில் தீ பிடித்து வந்து சூழ்ந்தது. ஒவ்வொருவராக, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போய்விட்டார்கள்.

தீ எப்படி ஆரம்பித்தது, யார் பொறுப்பு என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஒரு வாசகனாக எனக்கு உறுத்துவது வேறொன்று. தடம் விடாதே பட்டியலின் ஏழு விதிகளையும் ஒருவர் அச்சுப்பிசகாமல் கடைப்பிடித்திருந்தாலும் அந்தப் பிற்பகல் அவருக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. 'முன்கூட்டித் திட்டமிடு' என்பதற்குள் எல்லா ஆபத்தும் அடக்கம் என்று வாதாடலாம்தான். ஆனால் அந்தந்தக் காட்டுக்கு அந்தந்த மாதத்தில் என்ன என்று சொல்லாமல் 'திட்டமிடு' என்றால், பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் 'நல்லா எழுது' என்கிற மாதிரிதான்.

தெரிந்திருக்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. தீ மேட்டைப் பார்த்துத்தான் ஓடும். சரிவு 10 பாகை கூடினால் அதன் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு. அதனால் தீக்கு மேலே சரிவில் ஏறி ஓடி ஜெயிக்க முடியாது. புல் இல்லாத பாறை, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை, ஓடைப்படுகை, வனத்துறை வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடு, இவைதான் ஒதுங்குமிடம். நைலான், பாலியஸ்டர் துணி உருகி உடம்போடு ஒட்டும். மலையேற்றக் கடையில் விற்கும் 'சீக்கிரம் காயும்' சட்டை எல்லாம் அந்த ரகம். பருத்திச் சட்டை மேல். இந்த ஆறேழு வரியும் கையேட்டில் இல்லை. பூப் பறிக்காதே என்று அரைப்பக்கம் இருக்கிறது.

கையேட்டை இவ்வளவு வறுத்துவிட்டு அரசாங்கத்தின் விதியை விட்டுவிட்டால் நியாயமில்லை. செக்போஸ்டுகளில் தகரப் பலகை பார்த்திருப்பீர்கள். காப்புக்காடு. அனுமதியின்றி நுழையாதே. தீ வைக்காதே. மது அருந்தாதே. மீறினால் தண்டனை. ஏவல் வினையும் எதிர்மறையும் மட்டுமே உள்ள இலக்கியம் அது. ஏன் கூடாது என்று ஒரு பலகையும் சொல்லாது. எப்போது கூடாது என்றும் சொல்லாது. இதன் மொழி 1882-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலிருந்து வருகிறது. மரம் வெட்டுவது, மாடு மேய்ப்பது, தீ வைப்பது, வேட்டையாடுவது, அத்துமீறி நுழைவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கும் பிரிவு. விறகைக் காப்பாற்ற நினைத்த ஒரு அரசு, பக்கத்து ஊர்க்காரனைத் திருடனாகப் பார்த்து எழுதியது. 140 வருஷம் கழித்தும் பலகையின் குரல் மாறவில்லை.

யார் உள்ளே போகலாம் என்பதிலும் சட்டம் விநோதமானது. சரணாலயத்துக்குள் நுழைய என்னென்ன காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று 1972-ஆம் வருஷச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. காட்டுயிர் ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு தொழில். சாமி கும்பிடுவது அதில் தனியாக இல்லை. எங்கள் ஆச்சி சுற்றுலாப் பயணியா, அத்துமீறி நுழைந்தவளா? எழுதப்பட்ட விதியில் இடம் இல்லாதவர்களுக்கு, எழுதாத ஏற்பாடுகள்தான் விதி. ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி எதுவரை போகலாம் என்று வருஷா வருஷம் அறிவிப்பு வரும். ஊர்க்காரர்கள் முறுக்கிக்கொள்வார்கள், பேச்சுவார்த்தை நடக்கும். நாட்களையும் வண்டிகளையும் குறைத்தது நல்லதுதான் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. ஆச்சி இருந்திருந்தால் என்னோடு பேசியிருக்கமாட்டாள்.

குரங்கணிக்குப் பின் 2018-லேயே மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து போகும் திட்டமும் வந்தது. உள்ளூர், பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். கையேடு மறந்த ஆளை இந்தத் திட்டம் சம்பளம் கொடுத்துக் கூட அனுப்புகிறது. 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீக்காலம் என்று சொல்லிப் பாதைகளை மூடினார்கள். காரணத்தோடும் தேதியோடும் வந்த விதி. பாராட்டணும்.

ஆனால் அதே பிப்ரவரி, மார்ச்சில் கோவை வெள்ளியங்கிரியில் ஏழு மலையும் பக்தர்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். அங்கே பருவமே பிப்ரவரியிலிருந்து மே வரைதான். புல்லுக்கு ஆள் டிரெக்கரா பக்தரா என்று தெரியாது. வெள்ளியங்கிரியில் படிக்கட்டுப் பாதை தெளிவாக இருக்கிறது, கண்காணிப்பும் இருக்கிறது, அதனால் விடுகிறோம் என்று வனத்துறை சொல்லலாம். சொல்லட்டும். பலகையில் எழுதட்டும். எழுதாதவரை, தீக்காலம் என்ற காரணம் ஒரு பகுதி ஜனங்களுக்கு மட்டும் பொருந்தும் காரணமாகத்தான் தெரியும்.

அதே வெள்ளியங்கிரி அடிவாரத்தில்தான் நான் பார்த்ததிலேயே சிறப்பான காட்டு விதியும் இருந்தது. பூண்டியில் மலையேறும் இடத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டில் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, 20 ரூபாய் வைப்புத்தொகை வாங்கினார்கள். இறங்கி வரும்போது ஸ்டிக்கரோடு பாட்டிலைக் காட்டினால் 20 ரூபாய் திரும்பக் கிடைக்கும். உபதேசமும் இல்லை, மிரட்டலும் இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், "பாட்டிலே இருவது ரூவாதான், அதுக்கு இருவது ரூவாயா?" என்று சண்டை போட்டுவிட்டுத்தான் கொடுத்தார். மறுநாள் காலையில் அவரே வழியில் கிடந்த, ஸ்டிக்கர் ஒட்டிய ரெண்டு பாட்டிலைக் கூடுதலாகப் பொறுக்கிக்கொண்டு வந்து அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

சொரிமுத்தையனார் கோயிலில் இதை ஷாம்பு பாக்கெட்டுக்குச் செய்ய முடியாது என்று தெரியும். அதற்கு விற்கிற கடையிலேயே கை வைக்கணும், அது வேறு கட்டுரை.

தம்பிக்கு இன்னும் இதை அனுப்பவில்லை. மனசு சங்கடப்படுவான், ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கொடுத்து உண்மையான அக்கறையோடு செய்திருக்கிறான். ஆனால் அச்சுக்குப் போகும் முன் அட்டைப்படத்தையாவது மாற்றச் சொல்லி இன்றைக்கு ராத்திரி எழுதிவிடணும். ஓடைக்கரையில் ஒரு மஞ்சள் டென்ட், சுற்றிலும் காய்ந்த புல், வாசலில் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும் தீ.